கணக்கில் ஏறாத உப்பு

தொழிலில் அடி வாங்கியவர் அதிலிருந்து பாடம் கற்றுக்கொள்வார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திருப்பூரில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இல்லை. அடி எல்லோருக்கும் விழுகிறது. பாடம் சிலருக்குத்தான் வாய்க்கிறது. விழுந்தவரின் அறிவு, உழைப்பு, மன உறுதி ஆகியவை இந்த வேறுபாட்டை ஓரளவுக்குத்தான் விளக்குகின்றன. நேர்ந்த இழப்பை அவர் எந்தத் தலைப்பின் கீழ் எழுதிக்கொள்கிறார் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன். இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது 2011-ஆம் ஆண்டில், எங்கள் ஊரின் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்ட காலத்தில்.

அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று, கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும், பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. பனியன் தொழிலை அறியாதவர்களுக்கு இதன் கனம் உடனே விளங்காது. நூல் வாங்கி, நிட்டிங்கில் துணியாக்கி, சாயமேற்றி, சுருங்காதபடி அழுத்திக் காம்பேக்டிங் செய்து, வெட்டி, தைத்து, செக்கிங் முடித்து, அட்டைப்பெட்டியில் அடைப்பது வரை ஒவ்வொரு வேலையும் இங்கே வெவ்வேறு கைகளில் ஜாப் ஒர்க்காக நடக்கிறது. நடுவில் சாயம் நின்றால் அதற்கு முன்னால் இருப்பவரிடம் சாயமேறாத துணி தேங்கிக் கிடக்கும். பின்னால் இருப்பவரின் பவர் டேபிள்கள், அதாவது தையல் இயந்திர வரிசைகள், சும்மா நிற்கும். துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் சாயத்துக்கு அனுப்பினார்கள். போய்த் திரும்பி வந்த துணியின் ஷேடு, வாங்குபவர் ஒப்புக்கொண்ட லேப் டிப் என்ற மாதிரித் துண்டின் நிறத்தோடு ஒத்துப்போகாமல் மறுபடியும் அனுப்ப வேண்டி வந்தது. கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பிக் கிடைத்த லாபத்தையும் கரைத்தவர்கள் உண்டு. அதே காலத்தில் நூல் விலையும் உச்சத்தில் இருந்தது. வெளியூர்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள்.

இது ஒரே இரவில் இறங்கிய இடி என்றுதான் அன்று பலரும் பேசினார்கள். ஆனால் எங்கள் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் பாசன விவசாயிகள் நீதிமன்றப் படியேறத் தொடங்கியது 1990-களிலேயே. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்து நிறத்தை நீக்கின. கரைந்திருந்த உப்பை அவற்றால் நீக்க முடியவில்லை. 2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் பூஜ்ய வெளியேற்றத்துக்குக் கெடு விதித்து, அதுவரை வெளியேற்றப்படும் ஒவ்வொரு லிட்டருக்கும் காசுக் கணக்கில் அபராதமும் விதித்தது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீட்டுக்கும் ஆற்றைச் சீர்படுத்துவதற்கும் பொறுப்பு என்பதை உறுதிசெய்து மேலும் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் கடந்த பிறகுதான் மூடும் உத்தரவு வந்தது. முதல் வழக்கிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள். இவ்வளவு நீண்ட முன்னறிவிப்போடு வந்த பின்னடைவை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

அப்படியிருந்தும் அது ஏன் அதிர்ச்சியாக இருந்தது என்பதற்கான விடை, நான் நாள்தோறும் புரட்டிய பேரேடுகளிலேயே இருந்தது. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு வேண்டும். சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடாமல் நூலுக்குள் போக உப்புதான் அதைத் தள்ளிக்கொடுக்கிறது. பிறகு சோடா சாம்பல் சேர்த்து நிறத்தைப் பிடிக்க வைக்கிறார்கள். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு என்பது சாதாரணம். வின்ச் என்ற பழைய சாயமேற்றும் இயந்திரத்தில் 300 கிலோ துணியைப் போட்டு, துணியின் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீர் என்று வைத்தால் 3,000 லிட்டர். அதற்கு 180 கிலோ உப்பு. அலசும் தண்ணீர் தனி. இப்போது கணக்கர் கண்ணோடு பாருங்கள். கொள்முதல் செய்த நூல் துணியாக வெளியே போகிறது. சாயத்தின் பெரும்பகுதி அந்தத் துணியில் ஏறிப் போகிறது. விறகு சாம்பலாகிறது. உப்பு மட்டும் துணியில் ஒரு சிட்டிகைகூடத் தங்குவதில்லை. வாங்கிய 180 கிலோவும் அப்படியே தண்ணீரோடு பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது. ஒரு பட்டறை ஓராண்டில் வாங்கிய உப்பு மூட்டைகள் எத்தனை என்பது பேரேட்டில் தெளிவாக இருந்தது. அவை எங்கே போயின என்று எழுதுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. உள்ளே வந்த தண்ணீருக்கு டேங்கர் லாரிக்காரருக்குக் கொடுத்த பணம் பைசா விடாமல் பதிவாகியிருந்தது. போன தண்ணீருக்கு எதுவுமே இல்லை. செலவு இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவது மனித இயல்பு.

போன உப்பு சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம். சென்னிமலைப் பக்கத்தில், நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக எழுப்பப்பட்டது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறிவிட்டது. என் பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊர் அணைக்குக் கீழே ஆற்றோரத்தில் இருக்கிறது. மஞ்சளும் வாழையும் விளைந்த தோட்டம் முதலில் மக்காச்சோளத்துக்கு இறங்கியது. பிறகு உப்பைத் தாங்கும் தீவனப்புல்லுக்கு. பிறகு அதுவும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலில் ஈரம் காய்ந்ததும் பாத்தி வரப்புகளின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். காலால் தேய்த்தால் பொருபொருவென்று உதிரும். தென்னை பாளை விடும், குரும்பையிலேயே கொட்டிவிடும். "மாடு தொட்டியில மூஞ்சிய வெச்சுட்டு அப்படியே எடுத்துக்குது கண்ணு. ஒரு மொடக்குக் குடிக்க மாட்டேங்குது" என்று பெரியப்பா சொல்வார். குடிநீர் வேறு ஊரிலிருந்து வண்டியில் வந்தது. நாங்கள் பேரேட்டில் எழுதாமல் விட்ட செலவைத்தான் அவர் பால் விற்ற காசிலிருந்தும் விற்காத நிலத்திலிருந்தும் கட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரின் வீழ்ச்சியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன். 2011-இல் விழுந்தது நாங்கள் மட்டும் என்றுதான் நாங்கள் பேசினோம். அந்தப் பின்னடைவு அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. எங்களுக்குப் பதிலாக வேறொருவருக்கு நடந்தது. பாடமும் அப்போதே எழுதப்பட்டு, ஆற்றின் போக்கில் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள், படிக்க விரும்பும் எவருக்கும் திறந்தே கிடந்தது. தொழிலில் ஒருவர் தன் சறுக்கலிலிருந்து கற்பது நல்லது. தன்னால் சறுக்கியவரைப் பார்த்துக் கற்பது அதைவிடக் குறைந்த செலவில் முடியும். பெரும்பாலான தொழில்களில் முதல் எச்சரிக்கை நம் லாப நட்டக் கணக்கில் வருவதில்லை. நமக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவரின் வீட்டிலும், மிகைநேரம் பார்த்து உடம்பு நொந்த தொழிலாளியின் வீட்டிலும், நம் புகையும் நீரும் போய்ச் சேரும் ஊரிலும்தான் அது முதலில் தென்படுகிறது.

தவணைகள் செய்த கேட்டையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை நீதிமன்றம் அவகாசம் கொடுத்தபோதும் ஊரில் ஒரு நிம்மதி பரவியது. "வாய்தா கெடச்சிருச்சுங்க சார், இன்னும் மூணு மாசத்துக்குத் தொந்தரவு இல்லீங்க" என்று எனக்கு மிகவும் வேண்டிய ஒரு பட்டறை உரிமையாளர் சொன்ன குரல் இன்னும் நினைவிருக்கிறது. அவர் நேர்மையானவர், வேலையாட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர். அந்த மூன்று மாதம் அவருக்குச் சுத்திகரிப்பு வேலையை முடிப்பதற்கான காலமாகத் தெரியவில்லை. ஆர்டர் முடிப்பதற்கான காலமாகத் தெரிந்தது. நோயாளி ஒருவர் வலி குறைந்த நாளில் மருந்தை நிறுத்துவதைப் போன்றது இது. வங்கி கடனைத் திருத்தியமைத்துக் கொடுக்கும்போதும், வாங்குபவர் விலையைக் குறைத்து ஆர்டரைத் தக்கவைக்கும்போதும், கூட்டாளிகளுக்குள் நடந்த சண்டை பெரியவர்கள் பேசி அடங்கும்போதும் இதே நிம்மதி வருகிறது. அவகாசம் கிடைத்த நாளில் கொண்டாடியவர்களை விட, அன்று மாலையே கணக்கைப் பிரித்து உட்கார்ந்தவர்கள் பின்னால் நன்றாக இருந்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மூடிய பிறகு என்னிடம் கணக்கு வைத்திருந்தவர்கள் பலவாறு பிரிந்தார்கள். அவர்களில் மூவரைப் பற்றி, ஊர் பெயர் எதுவும் சொல்லாமல், எழுதுகிறேன்.

ஒருவர் தம் இழப்பை 'கோர்ட்டு' என்ற தலைப்பில் எழுதிக்கொண்டார். காரணம் நீதிமன்றம் என்றால் தீர்வு நீதிமன்றத்தின் கண்ணில் படாத இடம்தானே? வேறொரு மாவட்டத்தில், ஓடைக்கரையில், தகரக் கொட்டகை போட்டு இரண்டு வின்ச்சுகளை இரவோடு இரவாகக் கொண்டுபோய் இறக்கினார். ஓராண்டு ஓடியது. பிறகு அந்த ஊர்க்காரர்கள் திரண்டு வந்து நிறுத்தினார்கள். இரண்டாம் முறை விழுந்தபோது முதல் முறை இருந்த சேமிப்பு அவரிடம் இல்லை.

இன்னொருவர் பட்டறை நின்ற மாதங்களில் ஐந்தாண்டுக் கணக்குகளை எடுத்துவரச் சொல்லி, கழிவுநீரை முறையாகச் சுத்திகரித்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று என்னை எழுதிக் காட்டச் சொன்னார். எழுதிக் காட்டினேன். இரண்டு ஆண்டுகளில் மிகச் சிறிய லாபம். மூன்று ஆண்டுகளில் நட்டம். அவர் வெகு நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நாம சம்பாரிச்சது சம்பாத்தியமே இல்லீங்களா?" என்று கேட்டார். பிறகு தண்ணீரை அதிகம் குடிக்கும் வின்ச்சுகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, பாதித் தண்ணீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம் ஒன்றை மட்டும் கடனில் வாங்கினார். சாயக்கூலியை உயர்த்தினார், வந்த வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மீதியை வைத்துக்கொண்டு சிறிய அளவில் இன்றும் நடத்துகிறார்.

மூன்றாமவரைப் பற்றி எழுதுவதுதான் கடினம், ஏனென்றால் பின்னடைவைப் பற்றிய நல்வாக்குகள் எல்லாம் அவரிடம் வந்து நின்றுவிடுகின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தம் பங்குத்தொகையைத் தவணை தவறாமல் கட்டியவர் அவர். இரவில் ரகசியமாகக் கழிவைத் திறந்துவிடாதவர். நிலையத்தின் சவ்வூடு வடிகட்டும் பகுதி ஓடினாலும், அதில் ஒதுங்கும் அடர்ந்த உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கிகள் சொன்ன திறனில் ஓடவில்லை. நிலையத்தை மூடியபோது அவருடைய பட்டறையும் சேர்ந்தே மூடியது. மறுபடி திறக்கத் தேவையான பணம் அவரிடம் இல்லை. இப்போது மகனுடைய மளிகைக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதைக் கற்க வேண்டும் என்று நாம் சொல்வது? தோல்வி ஒவ்வொன்றும் தோற்றவருக்கான பாடம் என்று அடித்துப் பேசுபவர்கள், அறியாமலேயே, தோற்ற ஒவ்வொருவரும் ஏதோ தவறு செய்தவர் என்றும் சொல்லிவிடுகிறார்கள். அவர் செய்த தவறு ஒன்றும் இல்லை. சேர்ந்து செய்யும் தொழிலில் சேர்ந்தே மூழ்க நேரிடும் என்ற நிலையை அவர் ஒருவரால் மாற்றியிருக்கவும் முடியாது. அந்தப் பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது ஊர்.

ஊர் அதை ஓரளவு கற்றது. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க ரூ. 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரத்து நிலையத்தில், சவ்வூடு வடிகட்டலில் ஒதுங்கும் உப்புக்கரைசலைச் சுத்தப்படுத்தி அடுத்த சாயத்தொட்டிக்குத் திருப்பிவிடும் முறை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டப்பட்டது. முன்பு எல்லாவற்றையும் வற்றவைக்க முயன்று விறகிலும் மின்சாரத்திலும் மூச்சுத் திணறியவர்களுக்கு இது வழியைத் திறந்துவிட்டது. நுட்பத்தின் உள்விவரத்தைப் பொறியாளர்கள் என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள். கணக்கர் என்ற முறையில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான்: பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்த அந்த 180 கிலோ உப்புக்கு முதல் முறையாகப் பேரேட்டில் ஓர் இடம் கிடைத்தது. இவ்வளவு வாங்கினோம், இவ்வளவு திரும்ப வந்தது, இவ்வளவு குறைந்தது என்று எழுத முடிந்தது. எழுத முடிந்ததும் அதைக் குறைப்பது எப்படி என்று மேஸ்திரிகளே யோசிக்கத் தொடங்கினார்கள். இன்று அதே திருப்பூரை நீர் மறுசுழற்சிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக் கதையில் மளிகைக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் என் பெரியப்பாவுக்கும் இடம் இல்லாதது வருத்தமும் தருகிறது.

வாழ்க்கையிலும் இப்படி எழுதாமல் விட்ட கணக்குகள் உண்டு என்பதை நான் அந்த மூடல் காலத்தில்தான் அருகிலிருந்து பார்த்தேன். சிறு தொழில் முனைவோர் பலரின் உண்மையான நடைமுறை மூலதனம் வங்கிக் கடன் அல்ல. வீட்டுப் பெண்களின் நகை. சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும், வாங்குபவரின் பணம் வரவில்லை என்றால் வளையல் அடகுக்குப் போகும். பணம் வந்ததும் திரும்பும். அடுத்த மாதம் மறுபடி போகும். இருப்புநிலைக் குறிப்பில் அது உரிமையாளர் கொண்டுவந்த மூலதனம் என்று அவர் பெயரிலேயே ஏறிவிடும். 2011-இல் போன நகைகளில் பல திரும்பவில்லை. நொடித்துப்போனவர் என்று ஊர் உரிமையாளரைச் சொன்னது. அவருக்கு ஆறுதல் சொல்ல ஆள் வந்தது. நகையை இழந்தவருக்கு எதுவும் நொடித்ததாக எந்தத் தாளிலும் இல்லை.

அதற்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களிடம் நான் ஒன்றை விடாமல் வற்புறுத்துகிறேன். மனைவியின், தாயின், அக்காவின் நகையை வைத்துப் பணம் புரட்டினால் அதை அவர்கள் பெயரிலேயே கடனாக எழுதுங்கள் என்கிறேன். முதலில் சிரிப்பார்கள், சிலர் கோபித்துக்கொள்வார்கள், "வீட்டுக்குள்ள என்னங்க கடன்?" என்று கேட்பார்கள். எழுதிய வீடுகளில் நான் கண்ட மாற்றம் சிறியதல்ல. கடன் கொடுத்தவர் என்ற முறையில் அந்த அம்மாள் மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் வந்து உட்காருகிறார். எந்த வாடிக்கையாளர் தொடர்ந்து தாமதமாகப் பணம் தருகிறார் என்று அவர்தான் முதலில் கேட்கிறார். வீட்டுக்குள் ஒருவர் முன்கூட்டியே கவலைப்பட உரிமை பெற்றால், வெளியே விழப்போகும் அடி பாதியாகிறது.

விவசாயிகளின் கணக்கு முடிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். சூழல் இழப்புக்கான ஆணையம் 28,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு கணக்கிட்டது. அது 2000-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கான விளைச்சல் இழப்பை மட்டும் பார்த்த தொகை. மண்ணில் இறங்கிய உப்பு அதோடு நின்றுவிடவில்லை. பெரியப்பா இருந்தவரை அந்தத் தோட்டத்தில் மறுபடி மஞ்சள் போடவில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு சமீபத்திய நிகழ்வு. சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் உறுப்பினரான இளைஞர் ஒருவர், தந்தைக்குப் பிறகு பட்டறையை ஏற்றவர், கணக்கு முடிப்புக்கு வந்திருந்தார். தண்ணீர் திரும்பி வருகிறது, உப்புக்கரைசல் திரும்பி வருகிறது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றார். கடைசியில் ஆவியாக்கிகளில் மிஞ்சும் கலவை உப்பு என்ன ஆகிறது என்று கேட்டேன். சாயத்துக்கும் உதவாமல், விற்கவும் முடியாமல், வெளியே கொட்டவும் கூடாமல் நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கூரைக்கடியில் அடுக்கிவைத்திருக்கும் சரக்கு அது. "அது ஷெட்டுல இருக்குதுங்க சார்" என்றார். எத்தனை டன், ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது, அதைப் பாதுகாப்பாக அகற்ற டன்னுக்கு என்ன செலவாகும், அதில் உங்கள் பட்டறையின் பங்கு எவ்வளவு என்று நான் அடுத்தடுத்துக் கேட்டேன். அவரிடம் விடை இல்லை. நிலையத்தில் விசாரித்து வந்து சொல்வதாகச் சொன்னார். ஷெட்டில் கிடக்கும் அந்த உப்புக்கு இந்த ஆண்டே ஒதுக்கீடு எழுதாமல் இருப்புநிலைக் குறிப்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.